ஜரிகை போட்ட கொடி

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் ஒரு கேள்வி கேட்டாய். "நான் பண்றது துரோகமாம்மா? ஆமாவா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு." சோறு பொங்குகிறது என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். சோறு எப்போதோ வடித்தாகிவிட்டது. ஒரே வார்த்தையில் பதில் சொல் என்று காலமெல்லாம் பிள்ளைகளை நான்தான் மிரட்டியிருக்கிறேன். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மிரண்டுபோனேன் என்றே வைத்துக்கொள். ஒரு வார்த்தையில் அடங்காததால் இதை எழுதுகிறேன். ஓய்வு பெறப் போகிற டீச்சர் ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று பள்ளி ஆண்டு மலருக்குக் கேட்டிருக்கிறார்கள், இதையே கொடுத்துவிடப் போகிறேன். உன் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. நம் தெருவில் பாதி வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால் எந்த வீட்டுக் கதை என்று ஊரார் கொஞ்ச நேரம் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். ஜரிகைக் கொடி என்ற இடம் வந்ததும் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நீ அடுத்த மாதம் கனடா நாட்டுக் குடிமகனாக உறுதிமொழி எடுக்கப் போகிறாய். நம் நாட்டுச் சட்டம் இரண்டு குடியுரிமைக்கு இடம் தருவதில்லை, அதனால் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவாய். இதை என்னிடம் சொல்லிவிட்டு, "அப்பாகிட்ட நீயே பக்குவமா சொல்லிடும்மா" என்று நழுவிக்கொண்டாய். ஏகாம்பரநாதர் கோயிலில் பங்குனித் திருவிழாவுக்குக் கொடி ஏறிய அன்று மத்தியானம், அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். எனக்குத் தெரிந்த பக்குவம் அவ்வளவுதான். அவர் மோர்சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவினார். தறியில் போய் உட்கார்ந்தார். அன்றிலிருந்து நீ கூப்பிடும்போதெல்லாம் "தறியில இருக்குறேன்னு சொல்லு" என்பதுதான் அவருடைய ஒரே பதில். டிவிக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டே இதைச் சொல்கிறார். நான் உன்னிடம் அப்பா தறியில் இருக்கிறார் என்கிறேன், நீயும் சரி என்கிறாய். மூன்று பேருக்கும் அது பொய் என்று தெரியும்.

எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்தான். வலித்தது. சுதந்திர தினத்துக்கு உன் சட்டையில் காகிதக் கொடியைக் குத்தி அனுப்பியது இந்தக் கைதான். ஆனால் வலிக்கிறது என்பதும் தப்பு என்பதும் ஒன்றில்லை என்று என் வேலை எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. எட்டாம் வகுப்புக்குக் கொடியைப் பற்றிய பாடத்தை வருஷா வருஷம் நடத்தியவள் நான். ஒரே பாடம், ஒரே கொடி. அதன் அர்த்தம் மட்டும் ஒரு வருஷம் இருந்தமாதிரி அடுத்த வருஷம் இருந்ததில்லை. அந்தக் கதையைச் சொன்னால்தான் உன் கேள்விக்குப் பதில் வரும். பொறுமையாகக் கேள், வகுப்பில் போல ஜன்னலுக்கு வெளியே பார்க்காதே.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் நடத்தியது பாடமே இல்லை, ஒப்புவித்தல். காவி தியாகம், வெள்ளை உண்மை, பச்சை செழிப்பு, நீலச் சக்கரம் அறம். கேட்டால் வகுப்பே ஒரே குரலில் கத்தும். ஒருநாள் புத்தகத்தை மூடிவிட்டு, "சரி, கொடி ஏறினால் உங்களுக்கு என்ன அர்த்தம்? சொந்தமாகச் சொல்லுங்கள்" என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். "கொடி ஏறிட்டா திருவிழா முடியிற வரைக்கும் ஊர வுட்டுப் போவக் கூடாது டீச்சர்!" வகுப்பு சிரித்தது. நான் அவனை அதட்டி உட்கார வைத்தேன். "அது கோயில் கொடி, நான் கேட்டது நாட்டுக் கொடி." அதட்டினேனே தவிர, அவன் சொன்னது மனதில் ஒட்டிக்கொண்டது. மற்றவர்கள் புத்தகத்திலிருந்து சொன்னார்கள், அவன் வீட்டிலிருந்து சொன்னான். கொடி என்றால் அதற்குக் கீழே இருக்கிறவர்கள் செய்ய வேண்டியது ஏதோ இருக்கிறது என்பது அந்தப் பயலுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு வருஷம், சுதந்திரப் போராட்ட காலத்துக் கொடியின் படத்தைக் காட்டினேன். அதில் நடுவில் ராட்டை இருக்கும். பக்கத்துத் தெரு நெசவாளி மகள் ஒருத்தி கையைத் தூக்கினாள். "ராட்டைய ஏன் டீச்சர் எடுத்துட்டாங்கோ? எங்கம்மா தெனம் அதுலதான் தறிக்குத் தார் நூல் சுத்திக்கினு இருக்குது." சுதந்திரம் வந்தபோது ராட்டைக்குப் பதில் பழைய காலத்துத் தர்மச் சக்கரத்தை வைத்தார்கள், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி தெரியும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவள் விடவில்லை. "அப்போ நம்ம வேல கொடியில இல்லையா?" நான் பதில் தேடுவதற்குள் பக்கத்தில் இருந்தவள், "ராட்டையிலயும் சக்கரம்தானடி சுத்துது, அத்த மட்டும் வெச்சுக்கினாங்கோ" என்று சமாதானம் சொன்னாள். கேட்டவள் முகம் தெளியவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது: எல்லோருக்கும் பொதுவாக ஒன்றைச் செய்யும்போது, யாரோ ஒருவர் தன்னுடையது அதில் காணோமே என்று தேடிக்கொண்டிருப்பார். அவரைப் பேசவிடாமல் பாடத்தை முடித்துவிடக் கூடாது.

பிறகு நீ எட்டாம் வகுப்புக்கு வந்தாய். வகுப்பில் டீச்சர், வீட்டில் அம்மா என்று நாக்கைப் பழக்கிக்கொண்ட வருஷம். பள்ளிக் கொடி சாயம் போய்க் காவி எது, வெள்ளை எது என்று தெரியாமல் ஆகிவிட்டது என்று நான் வீட்டில் புலம்பினேன். "டீச்சரம்மா, நீ வுடு, நான் பாத்துக்கறேன்" என்றார் அப்பா. அதோடு அந்தப் பேச்சு போனது. ஆனால் நீங்கள் இருவரும் விடுமுறை நாள் தவறாமல் பெரியப்பா வீட்டுத் தறிக்குப் போனீர்கள். கேட்டால் அங்கே வேலை தேங்கிக் கிடக்கிறது என்றீர்கள். உன் சட்டையெல்லாம் பட்டுப் பிசிறு ஒட்டியிருந்தது, அதில் காவியும் பச்சையும் இருந்தன. யாரோ முகூர்த்தச் சேலை சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

கோர்வைச் சேலை எப்படி நெய்வது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை, மலரைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். ஒவ்வொன்றுக்கும் குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு தனித்தனி நாடா ஓடும். நெய்கிறவர் ஒருவரால் மட்டும் முடியாது, எதிர்ப்பக்கம் ஒருவர் உட்கார்ந்து நாடாவை வாங்கித் திருப்பித் தள்ள வேண்டும். உங்கள் அப்பா நாட்டுக் கொடியைப் பார்த்திருக்கிறார். அவர் கண்ணுக்கு அது கோர்வையாகத் தெரிந்திருக்கிறது. ஒரு கரை காவி, உடல் வெள்ளை, மறுகரை பச்சை, நடுவில் நீலச் சக்கரம் ஒரு புட்டா. எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நாடா தள்ளியது நீ.

சுதந்திர தினத்தன்று காலையில் அதை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி, பிறந்த குழந்தையைத் தூக்கி வருவதுபோல அப்பா பள்ளி மைதானத்துக்குக் கொண்டுவந்தார். தலைமையாசிரியருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டீச்சர்கள் எல்லாரும் ஆளுக்கொரு முனையைத் தொட்டுப் பார்த்தார்கள். நான் பிரித்தேன். மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் கோபுரக் கரை போட்டு ஜரிகை பளபளவென்று இழைந்திருந்தது. அத்தனை அழகான துணியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. "இதை ஏற்ற முடியாது" என்றேன்.

அப்பாவுக்குப் புரியவில்லை. "ஏன், கலர் தப்பா?"

"கலர் சரி. கொடியில ஜரிகை இருக்கக் கூடாதுங்க. வேற எந்த அலங்காரமும் கூடாது. சட்டம் அப்படி."

"ஜரிகை இல்லாம இன்னாமா துணி? பெத்த பொண்ணுக்கே கரை இல்லாத சேல குடுக்க மாட்டோம். நாட்டுக்குக் குடுப்பனா?"

"ஜரிகை வெச்சா அது காஞ்சிபுரத்துக் கொடி ஆயிடும். ஜரிகை நெய்யாத ஊர்க்காரன் இத எப்படித் தன்னுதுன்னு நினைப்பான்?"

அவர் கொடியைக் கையில் வாங்கினார். சேலை மடிப்பதுபோல் முந்தி பார்த்து மடித்தார். பழைய கொடியில் பூவிதழ் வைத்துக் கட்டி ஏற்றினோம். அவர் மடித்ததை மார்போடு வைத்துக்கொண்டு, கொடி வணக்கம் முடியும்வரை வெயிலில் நின்றார். நீ வரிசையில் நின்று என்னைத் தவிர எல்லாரையும் பார்த்தாய். இன்று அதே நிலைமை வந்தாலும் நான் அதையேதான் செய்வேன், அதில் எனக்குக் குழப்பமே இல்லை. ஆனால் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தபோது அப்பா வேண்டாம் என்று தலையாட்டியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அடுத்த நாள் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அவரே அதை என் பைக்குள் வைத்தார். "ஏத்தத்தான் கூடாது. பசங்களுக்குக் காட்டக் கூடாதுன்னு எதுனா சட்டம் இருக்குதா?" இல்லை என்றேன். வகுப்பில் மேஜைமேல் அதை விரித்து வைத்து, "இது கொடியா, இல்லையா?" என்று கேட்டேன். உனக்கு நினைவிருக்கும், அன்று மணி அடித்தும் யாரும் எழுந்துபோகவில்லை. ஜரிகையை மட்டும் பிரித்து எடுத்துவிட்டால் கொடி ஆகிவிடும் என்றான் ஒருவன். காகிதக் கொடியை மட்டும் எப்படிக் கொடி என்கிறோம் என்று இன்னொருவன். துணியைப் பற்றியே பேசிக்கொண்டு போனால் முடியாது என்று, "சரி, நீங்கள் கொடியை எங்கே கிட்டத்தில் பார்த்தீர்கள்? அங்கே அதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டேன். கிரிக்கெட் மைதானத்தில் என்றார்கள், கன்னத்தில் வரைந்துகொண்டோம் என்றார்கள். ராணுவத்தில் இறந்த மாமாவின் சவப்பெட்டிமேல் என்று ஒருவன் சொன்னான்.

அப்போதுதான் முசரவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற அந்தப் பெண் எழுந்தாள். அதிகம் பேசாதவள். "எங்க வூட்டு மேல பாத்தேன் டீச்சர். ரோடு போடணும்னு வூட்ட இடிக்க வந்தாங்கோ. கொடி பறந்தா இடிக்க மாட்டாங்கன்னு எங்க தாத்தா கூரை மேல ஏறி நட்டுட்டாரு."

"இடிக்கலையா?" என்றேன்.

"கொடிய மரியாதையா எறக்கி, அழகா மடிச்சு, தாத்தா கையில குடுத்தாங்கோ. அப்புறம் இடிச்சாங்கோ."

அவள் அழவில்லை. சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுத ஒன்றும் இல்லாமல் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தத் தாத்தாவுக்குக் கொடி என்றால் ஒரு முறையீடு. இடிக்க வந்தவர்களுக்கு அது ஒரு மரியாதை. துணி ஒன்றுதான். மரியாதையெல்லாம் துணிக்கே போய், அதை நம்பினவருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் அதை என்னவென்று நடத்துவது? அன்றுமுதல் பாடத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். நிறங்களின் அர்த்தத்தை நான் சொன்னதும், அந்த அர்த்தம் யாருக்குக் கிடைத்தது, யாருக்கு இன்னும் கிடைக்கவில்லை என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் இதெல்லாம் பாடத்திட்டத்தில் உண்டா என்று கேட்டார். நாலு நிறத்துக்கும் அர்த்தம் பாடத்திட்டத்தில் இருக்கிறதே சார், அதைத்தான் சரிபார்க்கிறோம் என்றேன். அவர் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அதே வகுப்பில்தான் கடைசியில் நீ எழுந்தாய். மேஜைமேல் கிடந்ததையே பார்த்துக்கொண்டு, "இது கொடி இல்ல டீச்சர். ஆனா இதுக்கும் நான் சல்யூட் அடிப்பேன்" என்றாய். யாரும் சிரிக்கவில்லை. நான் உன்னை உட்காரச் சொன்னேன், அவ்வளவுதான். அம்மாவாக அன்று எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று டீச்சராக இருந்ததால் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

நீ போன பிறகும் அர்த்தம் மாறிக்கொண்டேதான் இருந்தது. வீட்டுக்கு வீடு கொடி ஏற்றச் சொன்ன வருஷம் நம் தெரு முழுக்கப் பாலியஸ்டர் கொடி பறந்தது. முன்பெல்லாம் கையால் நூற்று, கையால் நெய்ததுதான் கொடி. பிறகு மில்லில் செய்ததும் ஆகலாம் என்று விதி மாறியது. தறிச் சத்தம் கேட்கிற தெருவில் மில் துணிக் கொடி. அப்பா அதைத் தொட்டுப் பார்த்து, "இதுல ஜரிகை இல்ல, சரியான கொடிதான்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு நம் வாசலிலும் ஒன்று கட்டினார். குத்தல்தான், நான் வாங்கிக்கொண்டேன். அந்த வருஷம் வகுப்பில் கொடி என்றால் என்ன என்று கேட்டேன். "டிபி டீச்சர்" என்றது ஒரு வாண்டு. செல்போனில் முகத்துக்குப் பதில் வைக்கிற படமாம். மழையில் நனைந்து தொங்கிய கொடிகளை அந்த வாண்டும் அதன் கூட்டாளிகளும்தான் வீடு வீடாகப் போய்ச் சொல்லி இறக்க வைத்தார்கள். அதனால் இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நீ போகிற நாட்டின் கொடியைப் பற்றிப் படித்தேன், டீச்சர் புத்தி போகுமா? அதுவும் மாறிவந்த கொடிதான். முன்பு அவர்கள் ஏற்றிய கொடியின் மூலையில் பிரிட்டிஷ் கொடி இருந்ததாம். பெரிய சண்டை போட்டுத்தான் அதை எடுத்துவிட்டு இப்போதுள்ள மேப்பிள் இலையை வைத்திருக்கிறார்கள். யாரோ பழையதைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பார்கள், யாரோ கை தட்டியிருப்பார்கள். இரண்டு கொடியும் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் இருந்தவர்கள் இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள். நீ அந்தக் கொடிக்குக் கீழே நிற்கும்போது நான் கேட்பது ஒன்றுதான். அங்கேயும் ஒரு முசரவாக்கம் இருக்கும். மடித்த கொடியைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டை இழந்த தாத்தா அங்கேயும் இருப்பார். அவரைத் தேடித் தெரிந்துகொள். அதன்பிறகு சல்யூட் அடி. இதைச் செய்யாமல் இங்கேயே இருந்து தினமும் கொடி ஏற்றினாலும் அதில் பெருமை இல்லை. இதைச் செய்தால் எங்கே இருந்தாலும் நீ என் மாணவன்தான்.

துரோகமா என்று கேட்டாய். பாஸ்போர்ட்டைக் கொடுத்த பிறகு மூவர்ணக் கொடி சட்டப்படி உன்னுடைய கொடி இல்லை. அதற்குச் சல்யூட் அடிக்கலாமா என்று நீ யாரையும் கேட்க வேண்டியதில்லை. கொடி இல்லாத ஒன்றுக்குச் சல்யூட் அடிப்பேன் என்று எட்டாம் வகுப்பிலேயே எழுந்து சொன்னவன் நீ. அந்தப் பையனை நான் நம்புகிறேன். அவன் துரோகம் செய்யமாட்டான். ஒரே வார்த்தையில் வேண்டும் என்றால், இல்லை.

என் பதில் முடிந்தது. ஆனால் உனக்கு வேண்டியது என் பதில் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். திருவிழா முடிந்து கோயில் கொடி இறங்கிய மறுநாள், அப்பா பேப்பர் படிப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டு, "அந்த நாட்டுக் கொடி எப்பிடி இருக்கும்?" என்றார். எந்த நாடு என்று வேண்டுமென்றே கேட்டேன். முறைத்தார். போனில் படத்தை எடுத்துக் கொடுத்தேன். சேலையைப் பார்க்கிற கண்ணோடு, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ரெண்டு கரையும் செவப்பு. ஒடம்பு வெள்ள. நடுவுல ஒரே ஒரு எல புட்டா. கோர்வதான் இது." போனைத் திருப்பிக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இதுல ஜரிகை வுட்டா ஏத்துவாங்களான்னு அவன கேளு" என்றார்.

"ஏத்த மாட்டாங்க. எந்த நாட்டுலயும் ஏத்த மாட்டாங்க."

"ஏத்தலன்னா போவுது, வூட்ல வெச்சுக்கட்டும்" என்றார். எழுந்து தறிப் பக்கம் நடந்தவர் பாதியில் நின்று, "எதிர்ப்பக்கம் நாடா தள்ள ஆள் வேணுமே. அவன எப்ப வரச் சொல்ற?" என்றார்.

எனக்குத் தெரியாது, அவனையே கேளுங்கள் என்றுவிட்டேன். ஆகையால் வருகிற ஞாயிற்றுக்கிழமை என் எண்ணுக்குக் கூப்பிடாதே, அப்பாவைக் கூப்பிடு. தறியில் இருந்தாலும் எடுப்பார்.

அம்மா